கொதித்தால் நீர் விடும், எண்ணெய் விடாது

ஆரணியில் பட்டு நூல் சாயத் தொட்டிக்குள் இறங்குவதற்கு முன் வெந்நீரில் வேக வேண்டும். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு, செரிசின் என்னும் பசை. சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் சிட்டங்களை முக்கி, திருப்பித் திருப்பி விட்டு அந்தப் பசையைக் கரைத்தெடுத்த பிறகுதான் பட்டுக்கு அதன் பளபளப்பும் மென்மையும் கிடைக்கின்றன. தேவிகாபுரத்திலும் முள்ளிப்பட்டிலும் தறியேறும் பாவும் ஊடையும் இந்த வெந்நீரைக் கடந்து வந்தவையே. அண்டாவின் அடியில் நெருப்பு மூட்டிய சற்று நேரத்தில், சோப்பைப் போடுவதற்கு முன்பே, கவனிக்க வேண்டிய ஒன்று நடக்கிறது. தண்ணீர் கொதிநிலையின் பக்கத்தில்கூட வந்திருக்காது. ஆனால் பாத்திரத்தின் உட்சுவரில் கடுகைவிடச் சிறிய குமிழிகள் வரிசையாக ஒட்டி நிற்கும், பிறகு ஒவ்வொன்றாகக் கழன்று மேலே போகும். அவை நீராவி அல்ல. கிணற்றிலிருந்து இறைத்தபோதே தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த காற்று அது.

ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரி வெப்பத்தில் சுமார் 29 மில்லிலிட்டர் காற்றைக் கரைத்து வைத்திருக்கும். 20 டிகிரியில் அது 19 ஆகக் குறைகிறது. 40 டிகிரியில் 14. கொதிக்கும் நீரின் மேற்பரப்பில் நிற்பது முழுக்க நீராவி என்பதால் அங்கே காற்றின் அழுத்தம் என்று ஒன்று மிஞ்சுவதில்லை. கரைந்திருந்த காற்றும் கிட்டத்தட்ட முழுவதுமாக வெளியேறிவிடுகிறது. இதை நம்பித்தான் அனல் மின் நிலையங்கள் ஓடுகின்றன. பாய்லருக்குப் போகும் நீரில் ஆக்சிஜன் இருந்தால் அது எஃகுக் குழாய்களை அரித்துத் துளையிடும். ஆகவே டீஏரேட்டர் என்னும் கலத்தில் அந்த நீரை நீராவியால் கொதிநிலைக்குச் சூடாக்கி, ஆக்சிஜனை லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் என்ற மிகச் சிறிய அளவுக்குக் குறைக்கிறார்கள். அடுப்பங்கரையிலும் பாய்லரிலும் கண்ட இந்த அனுபவம், திரவத்தைச் சூடாக்கினால் அதிலுள்ள காற்று போய்விடும் என்ற நம்பிக்கையை நம்மிடம் ஆழமாகப் பதித்திருக்கிறது. தண்ணீரைப் பொறுத்தவரை அது சரி. எண்ணெயைப் பொறுத்தவரை அது தவறு. அந்தத் தவறு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

ஆரணி பட்டுக்கு மட்டுமல்ல, நெல்லுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பெயர்பெற்ற ஊர். சுற்றியுள்ள வயல்களில் உழும் டிராக்டர், அறுவடைக்கு வரும் பெல்ட் வண்டி, மண் அள்ளும் ஜேசிபி எல்லாமே பாரத்தைத் தூக்குவது ஹைட்ராலிக் எண்ணெயின் பலத்தில்தான். பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது, எண்ணெய் சிலிண்டருக்குள் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் கலப்பையையோ வாளியையோ தூக்குகிறது. தூக்கும்போது உதறல், பம்பில் கொட்டைகளைப் போட்டு உலுக்குவது போன்ற சத்தம், தொட்டியில் மோர் போல் வெளுத்த எண்ணெய் ஆகியவை தென்பட்டால் உள்ளே காற்று இருக்கிறது என்று மெக்கானிக்குகள் உடனே சொல்லிவிடுவார்கள். கிணற்று மோட்டாரைப் பற்றி விவசாயிகள் ‘ஏர் வாங்குது’ என்று சொல்வதும் இதே நோயைத்தான். இரண்டிலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது உறிஞ்சு குழாயின் இணைப்பில் உள்ள கசிவு. ஆனால் எல்லா இணைப்பையும் இறுக்கிய பிறகும், வெளிக்காற்று நுழைய வழியே இல்லாத இடத்தில்கூடக் குமிழிகள் தோன்றலாம். காரணம், அந்தக் காற்று முதலிலிருந்தே எண்ணெய்க்குள் இருந்தது. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் ஒரு லிட்டர் கனிம எண்ணெய் 80 முதல் 100 மில்லிலிட்டர் வரை காற்றைக் கரைத்து வைத்திருக்கும். அது தண்ணீரைப் போல நான்கைந்து மடங்கு.

இந்தக் காற்றைச் சூட்டால் விரட்ட முடியாது. தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கின்றன. சூடு ஏறும்போது, அவற்றின் நடுவே இடம் பிடித்திருந்த காற்று மூலக்கூறுகள் தங்க முடியாமல் வெளியேறுகின்றன. எண்ணெயின் நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலிகளுக்கு இடையிலான பிடிப்பு தளர்வானது. அங்கே காற்று கரைவதில் வெப்பம் வெளிப்படுவதோ உறிஞ்சப்படுவதோ மிகக் குறைவு. ஆகவே எண்ணெய் இயங்கும் வெப்பநிலைகளில், சூடானாலும் ஆறினாலும், அது வைத்திருக்கும் காற்றின் அளவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. மாற்றுவது அழுத்தம்தான். இதைக் காண ஓர் ஊசிக்குழல் போதும். குமிழி சிறிதும் இல்லாத தெளிந்த எண்ணெயை ஊசிக்குழலில் பாதி அளவு உறிஞ்சி, நுனியை விரலால் இறுக அடைத்து, தண்டைப் பின்னால் இழுத்துப் பிடித்தால், தெளிவாக இருந்த எண்ணெயில் குமிழிகள் முளைப்பதைப் பார்க்கலாம். வெளியிலிருந்து எதுவும் நுழையவில்லை, சூடும் ஏறவில்லை. அழுத்தம் மட்டுமே குறைந்தது.

இதற்குப் பின்னாலுள்ள விதியை மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி 1803-இல் வெளியிட்டார்: திரவத்தில் கரையும் வாயுவின் அளவு, அதன் மேல் உள்ள அந்த வாயுவின் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அழுத்தம் இரட்டித்தால் இரு மடங்கு கரையும்; பாதியானால் பாதி வெளியே வந்தாக வேண்டும். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை பெற்ற கோலி சோடா புட்டி இந்த விதியைக் கையில் எடுத்துக் காட்டுகிறது. கோலி வாயை அடைத்திருக்கும்வரை உள்ளே அழுத்தம் நிற்கிறது, சோடா தெளிந்திருக்கிறது; கோலியை உள்ளே தள்ளியதும் அழுத்தம் விழுகிறது, வாயு பொங்குகிறது. சோடா இன்னொன்றையும் கற்பிக்கிறது. பொங்கிய வாயுவை மீண்டும் கரைப்பது பொங்கவிட்டதைப் போல எளிதல்ல. ஊசிக்குழலிலும் அதுவே நடக்கும்: தண்டை விட்ட பிறகும் குமிழிகள் அந்தக் கணமே மறைவதில்லை. அழுத்தம் விழும் இடத்தில், அதுவும் திரவம் சுழித்து ஓடும்போது, காற்று விரைவாக வெளிவருகிறது. திரும்பக் கரைய அதைவிட அதிக நேரம் எடுக்கிறது. ஹைட்ராலிக் இயந்திரத்தின் தொல்லைகளில் பெரும்பகுதி இந்தச் சமமின்மையிலிருந்து பிறக்கிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். கரைந்திருக்கும் காற்று எண்ணெயின் பருமனையோ விறைப்பையோ பாகுத்தன்மையையோ குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதில்லை. தொந்தரவு செய்யாத ஒன்றை ஏன் நீக்க வேண்டும்? கரைந்த நிலையிலேயே இருந்தால் அது தீங்கற்றது என்பது உண்மைதான். ஆனால் இயந்திரம் அதை அந்த நிலையில் விட்டுவைப்பதில்லை. ஜோசப் பிராமா 1795-இல் ஹைட்ராலிக் அழுத்து இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றபோது அதில் ஓடியது தண்ணீர். துருப்பிடிக்காமல் இருக்கவும் உராய்வு குறையவும் பிற்காலத்தில் எண்ணெய்க்கு மாறினோம்; அதோடு நான்கைந்து மடங்கு கரைந்த காற்றையும் ஏற்றுக்கொண்டோம். பம்பு எண்ணெயை உறிஞ்ச வேண்டுமென்றால் அதன் வாயில் அழுத்தம் வளிமண்டலத்தைவிடக் குறைந்தே ஆக வேண்டும். ஃபில்டர் அடைத்திருந்தாலோ, குழாய் குறுகலாக இருந்தாலோ, காலை நேரத்து எண்ணெய் கெட்டியாக இருந்தாலோ அது மேலும் விழும். வளிமண்டலத்தில் 10-இல் 7 பங்காக அழுத்தம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 லிட்டர் எண்ணெயில் கரைந்திருந்த 9 லிட்டர் காற்றில் 2.7 லிட்டருக்கு இனி அங்கே இடமில்லை. அது முழுவதும் வெளிவந்தால், அந்தக் குறைந்த அழுத்தத்தில் விரிந்து ஏறக்குறைய 4 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். குழாயில் எண்ணெய் இருப்பது சொற்ப நேரம் என்பதால் முழுவதும் வெளிவராது. ஒரு பங்கு வந்தாலே போதும், பம்பு எண்ணெயோடு நுரையையும் விழுங்கும்.

விழுங்கிய நுரை என்ன செய்யும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சாதாரண ஹைட்ராலிக் எண்ணெய் மிக விறைப்பான திரவம்; 100 வளிமண்டல அழுத்தம் கொடுத்தாலும் அதன் பருமன் 1 விழுக்காடுகூடக் குறையாது. அந்த விறைப்பை நம்பித்தான் நெம்புகோலை அசைத்த கணத்திலேயே கலப்பை மேலெழும்புகிறது. ஆனால் அதே எண்ணெயில் 1 விழுக்காடு காற்று குமிழிகளாக இருந்தால், 10 வளிமண்டல அழுத்தத்தில் அதன் விறைப்பு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. 100 வளிமண்டலத்தை எட்டும்போது குமிழிகள் நசுங்கிவிடுவதால் விறைப்பு ஏறக்குறைய முழுவதும் மீண்டுவிடுகிறது. காற்று புகுந்த இயந்திரம் பாரத்தைத் தூக்கத் தொடங்கும்போது உதறுவதும், முழு பாரத்தில் சரியாக இருப்பதுபோல் தோன்றுவதும் இதனால்தான். முழு பாரத்தில் நன்றாக வேலை செய்கிறது என்பதை வைத்து எண்ணெய் நலமாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது பிழை. நோய் வெளிப்படும் இடம் குறைந்த அழுத்தம். சோதிக்க வேண்டிய இடமும் அதுதான்.

அதிக அழுத்தத்தில் குமிழி மறைந்துவிடுகிறதே, பிறகு கவலை எதற்கு என்று கேட்கலாம். அது மறையும் விதம்தான் கவலை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் அறிவோம். 50 டிகிரி எண்ணெயில் இருக்கும் குமிழி ஒன்று 1 வளிமண்டலத்திலிருந்து 100 வளிமண்டலத்துக்கு ஒரே நொடிப்பில் நசுக்கப்பட்டால், வெப்பம் வெளியேற நேரமில்லாத நிலையில், அதன் உள்வெப்பம் கணக்குப்படி 900 டிகிரியைத் தாண்டும். நிஜக் குமிழி சுற்றியுள்ள எண்ணெய்க்குக் கொஞ்சம் வெப்பத்தை இழக்கும். ஆனாலும் அதன் விளிம்பிலுள்ள எண்ணெய் கருகப் போதுமான சூடு மிஞ்சுகிறது. டீசல் என்ஜின் தீப்பொறி இல்லாமல் எரிவதும் இதே முறையில்தான். போதாததற்கு, எண்ணெயில் ஆக்சிஜன் நைட்ரஜனைவிட எளிதாகக் கரைவதால், கரைந்த காற்றில் ஆக்சிஜனின் பங்கு 21 விழுக்காடாக இல்லாமல் 30 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. எண்ணெயிலிருந்து பிறக்கும் குமிழி நாம் மூச்சிழுக்கும் காற்றைவிட எரியும் குணம் மிகுந்தது. எண்ணெய் நாளடைவில் கறுப்பதற்கும், வால்வுகளில் அரக்கு போன்ற படலம் படிவதற்கும், பம்பின் உலோகப் பரப்பில் குழிகள் விழுவதற்கும் இந்தக் குமிழிகள் ஒரு காரணம்.

ஆகவே கேள்வி, காற்று எண்ணெயை விட்டு வெளியேறுமா என்பதல்ல. அழுத்தம் விழும் முதல் இடத்தில் அது வெளியேறத்தான் போகிறது. அந்த இடத்தை இயந்திரம் தேர்ந்தெடுக்குமா, நாம் தேர்ந்தெடுப்போமா என்பதே கேள்வி. எண்ணெயிலிருந்து வாயுவை நீக்கும் முறைகள் பலவாகத் தோன்றினாலும் அவை எல்லாமே இந்தத் தேர்வின் வெவ்வேறு வடிவங்கள்தாம்.

முதல் வடிவம் ஓய்வு. வேலை முடித்துத் திரும்பும் எண்ணெய் தொட்டியில் சற்று நேரம் அசையாமல் நின்றால், ஏற்கெனவே பிறந்த குமிழிகள் மேலே போய் உடையும். எவ்வளவு நேரம் என்பது குமிழியின் அளவைப் பொறுத்தது. பரவலாகப் பயன்படும் 46-ஆம் தர எண்ணெயில் 40 டிகிரி வெப்பத்தில், 1 மில்லிமீட்டர் குமிழி 30 சென்டிமீட்டர் உயர அரை நிமிடம் போதும். குமிழி அதில் பத்தில் ஒரு பங்காக இருந்தால் நேரம் நூறு மடங்காகி, 40 நிமிடத்தைத் தாண்டும். ஆலைகளில் நிலையாக நிற்கும் இயந்திரங்களுக்கு, பம்பு ஒரு நிமிடத்தில் தள்ளும் எண்ணெயைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு கொள்ளும் தொட்டி வைப்பது பழைய வழக்கம். வண்டியில் ஏறும் இயந்திரங்களுக்கு அவ்வளவு இடம் கிடைப்பதில்லை. சூட்டுக்கு உரிய பங்கும் இங்கேதான் இருக்கிறது. 40 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் எண்ணெயின் பாகுத்தன்மை பாதிக்குக் குறைகிறது, குமிழி இரு மடங்கு வேகத்தில் ஏறுகிறது. பிறந்த குமிழிக்குச் சூடு உதவும். கரைந்த காற்றுக்கு அது ஒன்றும் செய்யாது. சூட்டை மேலும் ஏற்றினால், ஒவ்வொரு 10 டிகிரிக்கும் எண்ணெய் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. நுரை தடுக்கும் மருந்து சேர்த்தால் போதுமே என்பவர்களுக்கும் பதில் இதே இடத்தில்தான். அந்த மருந்துகளில் பலவும் சிலிக்கோன். மேற்பரப்பில் வந்துவிட்ட குமிழியை அவை உடைக்கும். ஆனால் எண்ணெய்க்குள் இருக்கும் நுண்குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதைத் தடுத்து, அவை ஏறுவதைத் தாமதமாக்கும். மேலே நுரை அடங்கியது என்ற திருப்தியில், கீழே காற்று அதிக நேரம் தங்க நாமே வழிசெய்தவர்கள் ஆகிறோம்.

இரண்டாவது வடிவம் வெற்றிடம். கரைந்த காற்றையே எடுக்க வேண்டுமானால் ஹென்றியின் விதியை நமக்குச் சாதகமாகத் திருப்ப வேண்டும். தனிக் கலம் ஒன்றில் அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து அதில் எண்ணெயைக் கொஞ்சங்கொஞ்சமாகச் செலுத்தினால், 9 விழுக்காடாக இருந்த கரைந்த காற்று ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். ஆனால் எண்ணெயைக் குட்டையாகத் தேக்கி வைத்தால் பலனில்லை. கரைந்த காற்று எண்ணெய்க்குள் நகர்வது மிக மெதுவாக. ஒரு மில்லிமீட்டர் தடிமனைக் கடக்கவே கால் மணி நேரத்தை ஒட்டி எடுக்கும், அதில் பத்தில் ஒரு பங்கு தடிமனைச் சில நொடிகளில் கடந்துவிடும். ஆகவே எண்ணெயை நுண்துளிகளாகத் தெளிக்கிறார்கள், அல்லது வளையங்களின் மேல் மெல்லிய படலமாக வழியவிடுகிறார்கள். சாயப் பட்டறையில் சிட்டத்தைப் பிரித்து, கழியில் கோத்துத் திருப்புவதும் இந்த நியாயத்தில்தான்: உள்ளே போவதாயினும் வெளியே வருவதாயினும் பரப்பு அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்க வேண்டும். 60 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் வளிமண்டலத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்பதால், அதற்குக் கீழான வெற்றிடத்தில் எண்ணெயிலுள்ள ஈரமும் கூடவே போய்விடுகிறது. இது ஆய்வுக்கூடத்தோடு நின்ற வித்தை அல்ல. மின்மாற்றிகளில் ஊற்றும் எண்ணெயை வெற்றிடக் கருவியில் ஓட்டி வாயுவும் ஈரமும் நீக்குவது மின்துறையில் நெடுங்காலமாக நடக்கும் அன்றாட வேலை. அங்கே ஒரு குமிழி இருந்தாலே மின்காப்பு உடைந்துவிடக்கூடும் என்பதால் அதில் சமரசத்துக்கு இடமில்லை.

எடுத்த காற்று மறுபடியும் கரைந்துவிடாதா என்பது அடுத்த ஆட்சேபம். கரையும், திறந்த தொட்டியில் கடைசியில் பழைய 9 விழுக்காட்டுக்கே வந்து நிற்கும். ஆனால் எவ்வளவு காலத்தில் என்பது நம் கையில் இருக்கிறது. முற்றிலும் அசையாத எண்ணெயில் காற்று 10 சென்டிமீட்டர் ஆழம் இறங்க மாதக்கணக்கில் ஆகும். அதே எண்ணெய் மேலிருந்து அருவியாகத் தொட்டியில் விழுந்தால் நிமிடங்களில் நிறைந்துவிடும். திரும்பும் குழாயின் வாய் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், உறிஞ்சு குழாயும் திரும்பும் குழாயும் தள்ளியிருந்து நடுவே தடுப்பு நிற்க வேண்டும் என்ற எளிய விதிகளின் மதிப்பு இதில்தான் இருக்கிறது. விமானங்கள் இதை மறுபக்கத்திலிருந்து தீர்க்கின்றன. பத்து கிலோமீட்டர் உயரத்தில் வெளி அழுத்தம் தரையில் இருப்பதில் கால் பங்குதான். திறந்த தொட்டி அங்கே ஊசிக்குழலின் இழுத்த தண்டுபோல் ஆகிவிடும். ஆகவே எண்ணெய்த் தொட்டியையே மூடி அழுத்தத்தில் வைத்து, கரைந்த காற்று வெளிவர வாய்ப்பே கொடுப்பதில்லை. கோலி விழாத சோடா புட்டியின் வழி அது.

கடைசி ஆட்சேபம் செலவு. வயலில் உழும் டிராக்டருக்கு வெற்றிடக் கருவி பூட்ட முடியுமா? வேண்டியதில்லை. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே காலம் முதல் நம் வயல்களில் ஓடும் டிராக்டர்கள் பலவற்றில் கலப்பையைத் தூக்கும் எண்ணெயும் கியர்ப் பெட்டி எண்ணெயும் ஒன்றே. பற்சக்கரங்கள் அதை ஓயாமல் கடையும். வெற்றிடத்தில் எடுத்த காற்று அன்று மாலைக்குள் திரும்பிவிடும். அங்கே செய்ய வேண்டியது அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்வது: உறிஞ்சும் பக்கத்து ஃபில்டரைக் காலத்தில் மாற்றுவது, எண்ணெய் அளவைக் கோட்டுக்குக் கீழே இறங்கவோ மேலே ஏறவோ விடாதிருப்பது, காலையில் எண்ணெய் சற்று இளகும்வரை பாரம் ஏற்றாதிருப்பது. பெரிய ஆலையின் பல நூறு லிட்டர் எண்ணெய்க்கும், நுட்பமான வால்வுகள் உள்ள இயந்திரங்களுக்கும்தான் வெற்றிடக் கருவியின் செலவு நியாயமாகும். விதி ஒன்றே, அதை எந்த அளவுக்கு நிறைவேற்றுவது என்பதை இயந்திரம் தீர்மானிக்கட்டும்.

வெளுத்துப்போன எண்ணெயைக் கண்டால் முதலில் ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வைத்துப் பார்ப்பது நல்லது. அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்துகொண்டே வந்தால் அது காற்று. நெடுநேரம் நின்றும் வெளுப்பு மாறாவிட்டால் தண்ணீர் கலந்திருக்கிறது. காற்று என்று தெரிந்தால் பெரும்பாலும் எண்ணெயை மாற்றத் தேவையில்லை. அது எங்கே நுழைகிறது அல்லது எங்கே வெளிவருகிறது என்பதைத்தான் தேட வேண்டும். குவளையில் கடைசிக் குமிழியும் போய்க் கண்ணாடிபோல் தெளிந்து நிற்கும் எண்ணெயிலும், லிட்டருக்குத் தொண்ணூறு மில்லிலிட்டர் அளவில் காற்று அப்படியே இருக்கிறது. அடுப்பில் ஏற்றினாலும் அது போகாது. அழுத்தம் விழும் அடுத்த இடத்தில்தான் வெளியே வரும். அந்த இடம் பம்பின் வாயாக இருந்துவிடக் கூடாது.